டிரெஸ்ஸிங் ரூமில் ஜன்னல் இல்லை

எய்யா,

தென்காசி ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்கு முன்னால் குனிந்து என் காதுக்குள் ஒன்று சொன்னாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முகம் தெளிந்து பெட்டிக்குள் ஏறினாய். அந்தத் தலையாட்டலை இந்தக் கடிதத்தில் வாபஸ் வாங்குகிறேன். "எம்மா, டிரெஸ்ஸிங் ரூம் சுவத்துல மேல ஒரு வென்டிலேட்டர் இருந்துச்சுன்னு சொல்லிரு. சிலிண்டர் ஸ்டாண்டுல ஏறி நின்னு அது வழியா பாத்தேன்னு சொல்லு. பிளான்ல அதெல்லாம் காட்ட மாட்டாங்க, நான் சிவில் இன்ஜினியர், எனக்குத் தெரியும்லா" என்றாய். நீ கெட்டிக்காரன்தான். அந்த யோசனையை வைத்துக்கொண்டு நாலு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை கூடப் பார்த்தேன். எந்தக் காலை முதலில் ஸ்டாண்டில் வைத்தேன் என்பது வரைக்கும் தயார் செய்துவிட்டேன். ஐந்தாம் நாளான இன்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு நகல் வெளிநாட்டுக் கோர்ட்டில் நம் வழக்கை நடத்தும் வக்கீலம்மாவுக்குப் போகிறது. அவள் இதை மொழிபெயர்த்து நீதிபதிகளிடம் கொடுப்பாள், எதிர்த்தரப்பு வக்கீலும் படிப்பான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் படிப்பான். படிக்கட்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய். எழுதியதை அடைக்க முடியாது. மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு மூன்றரை வயது இருக்கும்போது உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் உன் அப்பாவும் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போனோம். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறாள், மற்ற சாட்சிகளின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களாம். ஆண்கள் சர்ஜரி வார்டுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர். உன் அப்பா அதே ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர், ஆக்சிஜன் குழாய் என்று பழுதாகிற எல்லாவற்றுக்கும் ஆள். என்னைப் போலவே அங்கே நர்ஸாக வந்த தென்காசி மும்தாஜ் மாடியில் பிரசவ வார்டில் இருந்தாள். பாவூர்சத்திரம் ஜெயா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். சண்டை வந்து ஊர் கை மாறியது. ஒரு நாள் நடுப்பகலில் ஆயுதக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்கள். தலைவனாக வந்தவனின் பெயர் எங்களுக்குத் தெரியாது, மெல்லிய கம்பி போட்ட கண்ணாடி அணிந்திருந்தான், அதனால் கண்ணாடிக்காரன் என்போம். என் வார்டில் காயத்தோடு படுத்திருந்த பதினோரு பேரையும், கூடவே உன் அப்பாவையும், பின்பக்க முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டான். உடல்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அப்பாவின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய வருஷம் குற்றாலத்துக் கோயிலில் அந்தக் கண்ணாடிக்காரனுக்காக ஓர் அர்ச்சனை செய்தேன். இது உனக்குத் தெரியாது. "பேரு, நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார். "பேரு தெரியாது சாமி, கண்ணாடி போட்டிருப்பான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல்?" என்றார். தீர்க்காயுசு என்றேன். ஏதோ உபகாரம் செய்த மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்து நல்ல சத்தமாகவே மந்திரம் சொன்னார். சண்டையில் குண்டு பட்டுச் சாகக்கூடாது, மாரடைப்பில் தூக்கத்தில் போய்விடக்கூடாது, விஷக்காய்ச்சல் எதுவும் அவனை என்னிடமிருந்து தட்டிப் பறித்துவிடக்கூடாது. அவன் உயிரோடு, புத்தி தெளிவோடு என் கைக்குக் கிடைக்க வேண்டும். வருஷம் தவறாமல் சாரல் காலத்தில் அந்த அர்ச்சனையைச் செய்திருக்கிறேன். உன் பரீட்சைக்குச் செய்ததைவிட அவனுக்குச் செய்ததுதான் அதிகம்.

நான் நர்ஸ். மனுஷ உடம்பில் எங்கே அழுத்தினால் எவ்வளவு வலிக்கும், எவ்வளவு நேரம் நினைவு தப்பாமல் வைத்திருக்கலாம் என்று படித்தவள். படித்ததை எல்லாம் மனசுக்குள் அவன் மேல் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, தண்ணீர்ச் சத்தத்தில் நான் என்ன முணுமுணுக்கிறேன் என்று பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. எல்லோரும் உடம்பு வலி தீரக் குளிப்பார்கள், நான் அவனுக்கு வலி சேர்த்துக்கொண்டு குளிப்பேன். இதைப் படித்து முகம் சுளிக்காதே. உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது.

கோபம் மட்டும் இருந்தால் போதாது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். முதலில் நம்மூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்து முழுக்கக் கேட்டார். "எக்கா, வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுல செஞ்சதுக்கு நான் எங்கன போயி எஃப்ஐஆர் போட? தென்காசிக்கும் கடையத்துக்குமே எல்லைத் தகராறு வந்துருதே" என்றார். கலெக்டரிடம் மனு கொடுத்தேன், டெல்லிக்கு மனு போட்டேன். வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது, காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் வந்தது. அந்த நாட்டுக் கோர்ட்டில் போடலாம் என்றால், அங்கே சண்டை முடிந்ததும் இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு, நடந்ததை எல்லாம் மன்னித்துவிட்டதாகச் சட்டமே போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்காமல் என் சார்பில் மன்னித்த அந்தச் சபை நாசமாகப் போகட்டும் என்று அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி அவளைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு மாதம் பேசவில்லை.

அப்புறம் நீ காலேஜில் படிக்கும்போது அந்தப் பெரிய பன்னாட்டுக் கோர்ட்டைப் பற்றிக் கண்டுபிடித்து வந்தாய். எனக்கு ஒரு வாரம் பசியே இல்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு நீயே உட்கார்ந்து விளக்கினாய். அந்தக் கோர்ட்டின் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாட்டில் நடந்திருக்க வேண்டும், அல்லது சேர்ந்த நாட்டுக்காரன் செய்திருக்க வேண்டும். அந்த நாடும் சேரவில்லை, நம் நாடும் சேரவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் பெரிய நாடுகள் சேர்ந்து அனுப்பினால் உண்டு, ஆனால் அவர்களில் ஒருவன் மறித்தாலும் போயிற்று, ஒவ்வொருவனுக்கும் காப்பாற்ற ஓர் ஆள் இருக்கிறான். அப்படியே போனாலும் அது உள்ளூர்க் கோர்ட்டுகள் முடியாது என்று கைவிரித்த பிறகு திறக்கிற கோர்ட், தளபதி மந்திரி மாதிரிப் பெரிய தலைகளைத்தான் பிடிக்கும் என்றாய். கண்ணாடிக்காரன் அவர்களுக்குச் சின்ன மீன். "அப்பம் சின்ன மீனை எவன்லே புடிப்பான்?" என்று நான் கேட்டதும் நீ லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனதும் ஞாபகம் இருக்கிறதா?

பிடித்தது நாம் கனவிலும் நினைக்காத ஒரு நாடு. ஐரோப்பாவில் எங்கோ ஒரு ஊரில், ரொட்டிக் கடை வரிசையில், ஒரு மனுஷன் தனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரனின் குரலைக் கேட்டு அடையாளம் கண்டிருக்கிறான். கேட்டவன் என் வார்டில் மூன்றாம் கட்டிலில் கிடந்தவன், காலில் கம்பி வைத்து நான் கட்டுப் போட்டவன். அந்த நேரம் எக்ஸ்ரேக்குப் போயிருந்ததால் தப்பி, கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரலைக் கேட்டவன். அந்தக் காலை இழுத்துக்கொண்டே பின்னால் போய்ப் பஸ் ஏறி, வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போலீஸுக்குப் போயிருக்கிறான். அந்த நாட்டுச் சட்டத்தில் சில குற்றங்கள் தனி வகை. போரில் காயம்பட்டு ஆயுதம் இல்லாமல் படுத்திருப்பவனைக் கொல்வது அதில் ஒன்று. அது எந்த மண்ணில் நடந்தாலும், எந்த நாட்டுக்காரன் செய்தாலும், அவன் தங்கள் ஊரில் வந்து நின்றால் தங்கள் கோர்ட்டிலேயே விசாரிக்கலாமாம். நான் கட்டின கட்டு வீண்போகவில்லை என்று அன்றைக்கு அழுதேன். கண்ணாடிக்காரன் அங்கே அகதி என்று சொல்லித் தஞ்சம் கேட்டிருந்தான் என்பதும், அந்த மனுவில் தன் கையாலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் பணியில் இருந்தேன் என்று எழுதியிருந்தான் என்பதும் தெரிந்தபோது, குற்றாலத்துக் குருக்களுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். அவருக்குக் காரணம் புரியவில்லை.

ஆனால் அங்கே தூக்கு இல்லையாம். ஆயுள் என்று தீர்ப்பு வந்தாலும் சில வருஷம் கழித்து வெளியே விடச் சொல்லி மனுப் போடலாமாம். அவனுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல், அவன் பாஷையில் மொழிபெயர்ப்பாளர். பல் வலி என்று சொன்னதற்காக ஒரு நாள் விசாரணையைத் தள்ளிவைத்தார்கள் என்று நீ சொன்னபோது நான் கையிலிருந்த தம்ளரை எறிந்தேன். வயிற்றில் குழாய் சொருகிக் கிடந்தவனைத் தரையில் இழுத்துக்கொண்டு போனவனுக்குப் பல் டாக்டர். வக்கீலம்மாவிடம் வீடியோவில் கத்தினேன். அவள் பொறுமையாக, "இவ்வளவும் கொடுத்த பிறகு வரும் தீர்ப்பை அவன் எங்கும் போய்க் குறை சொல்ல முடியாது" என்றாள். மொழிபெயர்ப்பவள் யாழ்ப்பாணத்துப் பெண், நான் திட்டியதில் பாதியைத்தான் அவளிடம் சொல்லியிருப்பாள்.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். இரண்டு நாட்டு அரசாங்கமும் முறைப்படி கடிதம் எழுதிக்கொண்டு, சென்னையில் ஓர் அறையில் என்னையும் ஜெயாவையும் தனித்தனியாக, இரண்டு வேறு நாட்களில் வீடியோ முன்னால் உட்காரவைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். மும்தாஜ் அதற்கு முந்தின வருஷமே புற்றுநோயில் போய்விட்டாள். நான் சொன்னேன்: "கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கிட்டு, பொறவு சுட்டான்." அடுத்த நாள் ஜெயாவும் அதையே சொல்லியிருக்கிறாள், சொல் மாறாமல், அதே வரிசையில். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, இவர்கள் பாடம் பண்ணி வந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தான். கூடவே ஆஸ்பத்திரியின் கட்டட வரைபடத்தையும் போட்டான். ஜெயா இருந்த தியேட்டருக்கு முற்றம் கட்டடத்தின் மறுபக்கம். நான் இருந்ததாகச் சொன்ன டிரெஸ்ஸிங் ரூமுக்கு, காயத்துக்குக் கட்டுப் போடுகிற அறைக்கு, முற்றத்துப் பக்கம் வெறும் சுவர். வரைபடம் உன் லேப்டாப்பில் வந்த அன்று நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்தாய், அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாய், திரும்பி வந்து வேறு ஏதோ பேசினாய். என் மகனுக்குச் சுவரும் ஜன்னலும்தான் பிழைப்பு. உனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

நான் பார்க்கவில்லை, எய்யா. என்னை டிரெஸ்ஸிங் ரூமில் தள்ளிப் பூட்டினார்கள். சத்தம் கேட்டேன், அவ்வளவுதான். பார்த்தவள் மும்தாஜ் ஒருத்திதான், மாடியில் பிரசவ வார்டு ஜன்னலிலிருந்து. கண்ணாடியைத் துடைத்தது அவள் பார்த்தது, அந்த வாக்கியம் அவளுடையது. எங்கள் தொழிலில் டியூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவர் என்று ஒன்று உண்டு. போகிறவள் வருகிறவளிடம் கட்டில் கட்டிலாகச் சொல்லுவாள்: ஐந்தாம் கட்டிலுக்கு நாலு மணிக்கு வாந்தி, எட்டாம் கட்டிலுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அடுத்து டாக்டர் வந்து கேட்டால், வாந்தி எடுத்தபோது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், "நாலு மணிக்கு வாந்தி எடுத்தான் டாக்டர்" என்று நானே நின்று பார்த்ததுபோலத்தான் சொல்லுவேன். எந்த டாக்டரும் நீ பார்த்தாயா என்று கேட்டதில்லை. ஒருத்தி பார்த்தது வார்டே பார்த்ததுதான். மூன்று பேரும் வருஷா வருஷம் சாரலுக்குக் குற்றாலத்தில் ஒரு அறை எடுத்து, குளித்துத் தலை துவட்டிவிட்டு, ஈரத்துணி காய்கிற அந்த அறையில் உட்கார்ந்து அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லுவோம். அதற்கும் ஹேண்ட் ஓவர் என்றுதான் பெயர் வைத்திருந்தோம். மும்தாஜுக்கு மூச்சு வாங்கினால் ஜெயா தொடருவாள், ஜெயா அழுதால் நான் தொடருவேன். சாவதற்கு முந்தின சாரலில் மும்தாஜ் என் கையைப் பிடித்து, "ஏட்டி, நான் போயிட்டாலும் நீங்க ரெண்டு பேரும் பாத்த மாதிரி சொல்லணும் பாத்துக்கோ" என்றாள். அதனால் அப்படியே சொன்னோம்.

உன்னிடம் சொன்ன பொய்க்கு மும்தாஜ் மேல் பழி போட மாட்டேன். பிளஸ் டூ முடித்து காலேஜ் விண்ணப்பத்தில் தகப்பனார் என்ற இடத்தில் நீ "வெளிநாட்டில் உள்ளார்" என்று எழுதியிருந்தாய். காணாமற்போனவர் என்று அரசாங்கம் சொன்னதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பதினேழு வயது வரைக்கும் காத்திருந்தாய். வாசலில் ஆட்டோ நின்றால் உன் தலை தானாகத் திரும்பும். அதை என்னால் தாங்க முடியவில்லை. "அவரு வர மாட்டாருலே, சுட்டதை நான் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன். நீ அந்த எழுத்தை அடித்துவிட்டு "இல்லை" என்று எழுதினாய். அன்றைக்குச் சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உன் வைராக்கியம் முழுக்க என் இரண்டு கண்ணை நம்பி நிற்கிறது.

நேற்றுக் காலை பாவூர்சத்திரம் போய் ஜெயாவிடம் பேசினேன். மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "ஏட்டி, அவன் சுட்டது பொய்யா? இல்லல்லா. பொறவு மும்தாஜ் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன? இம்புட்டு வருசம் கழிச்சு அவன் மாட்டிக்கிட்டு நிக்கான், இப்பம் போயி நியாயம் பேசுதியே." நானும் அதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் அவனுக்கு எதிரானது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது என்னை மறைப்பதற்காக நான் கட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

அன்று நடந்ததை நான் பார்த்த வரைக்கும் எழுதுகிறேன். கண்ணாடிக்காரன் என் மேஜைக்கு வந்து நல்ல இங்கிலீஷில், மரியாதையாக, "சிஸ்டர், அட்மிஷன் ரிஜிஸ்டர் கொடுங்கள்" என்றான். உன் அப்பா பக்கத்தில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். தமிழில், தலையைத் தூக்காமலே, "குடுக்காத. தெரியலன்னு சொல்லு" என்றார். நான் கொடுத்தேன். யாரும் என் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. அவன் கை நீட்டினான், கொடுத்துவிட்டேன், டாக்டர் கேட்டால் கொடுப்பேனே அப்படி. துப்பாக்கிக் காயத்துக்கு நாங்கள் ஒரு சுருக்கெழுத்துப் போடுவோம். அதில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டான். குண்டுக் காயம் என்று சொன்னேன். வயிற்றுவலி, விபத்து என்று எழுதியவர்களையும், எக்ஸ்ரே என்று குறித்திருந்த மூன்றாம் கட்டிலையும் விட்டுவிட்டு, அந்தச் சுருக்கெழுத்து இருந்த மற்றப் பதினோரு பெயரிலும் என் சிவப்புப் பேனாவை வாங்கி டிக் போட்டான். உன் அப்பா எழுந்து வந்து ரிஜிஸ்டரைப் பிடுங்கினார். அதற்காகத்தான் அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். என்னைத் தள்ளிப் பூட்டுவதற்கு முன்னால் கண்ணாடிக்காரன் பேனாவை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்து, "தேங்க்யூ சிஸ்டர்" என்றான். நான் அதை வாங்கிப் பாக்கெட்டில் சொருகினேன்.

குற்றாலத்து அறையில் ஒரு வருஷம் கூட இதை நான் சொன்னதில்லை. மும்தாஜுக்கும் தெரியாது, ஜெயாவுக்கும் தெரியாது. சென்னையில் வாக்குமூலம் எடுத்தபோது அந்த ரிஜிஸ்டரின் பக்கங்களையே திரையில் காட்டினார்கள். ஆஸ்பத்திரி கிளார்க் ஒருவர் படம் எடுத்து நாட்டைவிட்டு வெளியே கடத்தி வைத்திருந்தாராம். இது யார் கையெழுத்து என்றார்கள், என்னுடையது என்றேன். இந்தச் சிவப்பு டிக் யார் போட்டது என்றார்கள். தெரியாது என்றேன். எய்யா, அவன் கழுத்தில் மாட்ட வேண்டிய கயிறு என் கண் முன்னால் திரையில் கிடந்தது, தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று சாயங்காலமே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு விளக்கினாள். ஆஸ்பத்திரியில் கொலை நடந்தது என்பதை அவர்கள் ஏற்கெனவே பல வழியில் காட்டிவிட்டார்கள். கஷ்டமெல்லாம் அதை இந்த ஆளோடு சேர்த்துக் கட்டுவதில்தான் இருக்கிறது. "என் ஆட்கள் தன்னிச்சையாகச் செய்துவிட்டார்கள், நான் வாசலில் காவலுக்கு நின்றேன், யார் நோயாளி யார் போராளி என்று எனக்குத் தெரியாது" என்பதுதான் அவன் வாதம். அவனே ரிஜிஸ்டரைக் கேட்டான், அவனே அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டான், காயம்பட்டவர்கள் என்று தெரிந்தே ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தான் என்றால் அந்த வாதம் நிற்காது. வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் இதே மாதிரி ரிஜிஸ்டர் போயிருக்கிறதாம், சொல்ல ஆள் மிஞ்சவில்லை. மும்தாஜ் பார்த்ததை மும்தாஜ் சொல்லக் கேட்டேன் என்று சொல்லலாம், அந்த நாட்டு நீதிபதிகள் அதையும் கேட்டு எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுவார்களாம். ஆனால் நான் முதலில் மாற்றிச் சொன்னதை வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கிழிப்பான், ரிஜிஸ்டரில் பேர் இல்லாத உன் அப்பாவின் கொலையில் நீதிபதிகள் அவனைத் தனியாகக் குற்றவாளி என்று சொல்லாமலும் போகலாம் என்றாள். அதற்குத் தயாராக இரு. எனக்கும் எச்சரிக்கை சொன்னாள், ரிஜிஸ்டரைக் கொடுத்த விஷயத்தில் என்னைச் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டாம். அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் திருந்திவிட்டேன், மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அவன் மேல் துளி இரக்கம் இல்லை. அவன் கிழவனாகி, பேரப்பிள்ளை முகம் பார்க்காமல், பூட்டின கதவுக்குப் பின்னால் பல் டாக்டருக்குக் காத்துக்கொண்டே சாக வேண்டும், அதற்கும் வருஷா வருஷம் அர்ச்சனை செய்வேன். வென்டிலேட்டர் பொய்யைச் சொன்னால் அவன் வக்கீல் ஒரு டேப்பை வைத்து அளந்து அதை உடைத்துவிடுவான், அதோடு சேர்த்து என் வாயிலிருந்து வருகிற எல்லாவற்றையும் குப்பையில் போடுவான். ரிஜிஸ்டரை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. அது என் அவமானம், அதை யாரும் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது, எந்தப் பொம்பளையும் தன்மேல் இப்படி ஒன்றை இட்டுக்கட்ட மாட்டாள் என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவனை அடிக்க ஒரு கல் தேடினேன், அது என் மடியிலேயே இருந்திருக்கிறது. ஜெயாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு, "செரி, நானும் கேட்டதைக் கேட்டதுன்னே சொல்லுதேன்" என்றாள். நீயும் திட்டு. உன் அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தவள் நான், அவர் போனது அதனால்தான், அதை உன்னிடம் மறைத்து வளர்த்தேன். மன்னிக்க வேண்டுமா என்று நீ சாவகாசமாக முடிவு செய், தீர்ப்பு வந்த பிறகு செய்தாலும் போதும்.

அடுத்த மாதம் சாட்சி சொல்ல நான் அந்தக் கோர்ட்டுக்கு வருவேன். என்னைக் கூப்பிடும் வரைக்கும் சாட்சி உள்ளே உட்காரக்கூடாதாம், வெளியே தனி அறையில் இருப்பேன். நீ பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் வழக்கில் சேர்ந்திருப்பதால் அவனுக்கு நேர் எதிரே உனக்கு நாற்காலி. உனக்கு உன் அப்பாவின் முகம் அப்படியே, அன்றைக்கு அவருக்கு இருந்த வயதுதான் இன்றைக்கு உனக்கு. முடியை ஒட்ட வெட்டாதே, அவர் மாதிரி வகிடு எடுத்துச் சீவு. நான் உள்ளே வரும்போது எழுந்து ஓடிவராதே. ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே, எனக்கு அது தாங்காது. அவனைப் பார். சாட்சி நீதிபதியைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்காது. சிவப்புப் பேனா என்று நான் சொல்கிற நேரத்தில் அவன் கண்ணாடியைக் கழற்றுகிறானா, துடைக்கிறானா, தலையைக் குனிகிறானா, ஒன்று விடாமல் பார்த்து வைத்துக்கொள். நான் வெளியே வந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். என் ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லாதே. நீ பார்த்ததை மட்டும் சொல்.

அம்மா